கோடை வகுப்பு: கம்மாபுரத்துப் பிள்ளைக்கு எது எட்டும்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஊர்ச் சுவர்களில் கோடை வகுப்பு நோட்டீஸ்கள் ஏறிவிடும். அபாகஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், கீபோர்டு, கராத்தே என்று வரிசை நீளும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் பெற்றோருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் குழப்பம். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் உள்ள கம்மாபுரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் கேள்வியே வேறு. வகுப்பு எங்கே நடக்கிறது, பஸ் காசு யார் தருவது, பிள்ளையை யார் கூட்டிப் போவது?

அரசு நடத்தும் முகாம்கள் இல்லாமல் இல்லை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் வரை மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. 18 வயதுக்கு உட்பட்ட யாரும் சேரலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் சொல்லித் தருகிறார்கள். இரண்டுமே நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் மாவட்டத் தலைநகரமான கடலூரை நம்பியே இருப்பவை. கம்மாபுரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தினமும் போய்வர முடியுமா? அதோடு, இந்தப் பக்கம் கோடை என்றால் முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவம். பல வீடுகளில் பிள்ளைகளின் கையும் அதில் சேர்கிறது.

சரி, கோடையில் வகுப்பு எதற்கு, விளையாடட்டுமே என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. இந்தக் கேள்வியை அமெரிக்காவில் நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் 1996-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பிள்ளைகள் பின்தங்குவதாகத் தெரிந்தது. இழப்பு கணக்கில் அதிகம். வாசிப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தேறினார்கள், ஏழைப் பிள்ளைகள் சறுக்கினார்கள். பால்டிமோர் நகரில் 1982-ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது: ஒன்பதாம் வகுப்பில் இரு தரப்புக்கும் இடையே தெரிந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு, தொடக்கப் பள்ளிக் காலத்துக் கோடைகளில் விழுந்தது.

2019-ல் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் அந்த முடிவுகளைச் சந்தேகித்தார். மதிப்பெண்ணை அளந்த முறையை மாற்றினால் இடைவெளியும் மாறுகிறது என்று காட்டினார். ஆகவே 'இரண்டு மாதத்தில் எல்லாம் மறந்துவிடும்' என்று யாராவது பயமுறுத்திப் பணம் கேட்டால், கொஞ்சம் நிதானிக்கலாம்.

நம் ஊர்ச் சான்று ஒன்றும் இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. உள்ளூர்த் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்றரை மணி நேரம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறு பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது. அவர்கள் தொடக்கப் பள்ளி வயதினர் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் தெருவிலேயே, தெரிந்த அக்கா ஒருவர் நடத்தும் வகுப்புக்கு வலு உண்டு என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சாட்சி கிடைக்காது.

அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ராண்ட் நிறுவனம் நடத்திய ஆய்விலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். கோடை வகுப்பில் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் பயன் பெறவில்லை; 20 நாளோ அதற்கு மேலோ வந்தவர்களிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது. தொலைவு, வெயில், பசி ஆகிய மூன்றும் வருகையைத் தின்னும். பள்ளி விடுமுறையில் சத்துணவும் கிடையாது. மே 4 முதல் 28 வரை கத்திரி. எனவே காலை ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடித்து, ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்து அனுப்பும் வகுப்புக்கே பிள்ளைகள் கடைசி வரை வருவார்கள். பாடத்திட்டத்தைவிடச் சுண்டலைப் பற்றி முதலில் யோசிப்பவரை நான் நம்புவேன்.

என்ன கற்றுத்தருவது? அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே நடத்துவது வேண்டவே வேண்டாம். விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை தனியார் பள்ளிகளுக்கு எச்சரிக்கை விடுவது ஆண்டுச் சடங்காகவே ஆகிவிட்டது. அதை மீறி நடத்துபவர்கள் பெரும்பாலும் செய்வது அடுத்த ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் வேலையைத்தான்.

நான் மனத்தில் வைத்திருப்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை; அது பொதுத்தேர்வுப் பயம் இன்னும் பிடிக்காத வயது. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கியது. அதுவும் இதே மூன்று வகுப்புகளுக்குத்தான். கிடைத்த பொருளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்ப்பதுதான் பாடம். 1978-ல் அங்கே போன பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யத் தொடங்கினார். குப்பையிலிருந்து பொம்மை என்ற அவருடைய வாழ்நாள் வேலைக்கு அதுவே தொடக்கம். மாநில அரசு 2002-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அதே வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் செய்முறைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. அது பள்ளி நாட்களில் மட்டும்.

விருத்தாசலம் வட்டாரத்தில் 'கிடைத்த பொருள்' எதுவென்று தேட வேண்டியதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. இங்கே பீங்கான் தொழில் வேர்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை, அகல் விளக்கு எல்லாம் செய்யும் செராமிக் தொழிற்பேட்டையும், அதைப் படிப்பாகச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் விருத்தாசலத்தில்தான் இருக்கின்றன.

ஒரு பிடி களிமண்ணைப் பட்டையாகத் தட்டி, அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்று கீறச் சொல்லுங்கள். நிழலில் காயவைத்து நான்கு நாள் கழித்து அளந்தால் கோடு சுருங்கியிருக்கும். 9.4 வந்தால் சுருக்கம் 6 சதவீதம். சூளையில் சுட்டபின் மறுபடி அளந்தால் இன்னும் சுருங்கியிருக்கும். பீங்கான் தொழிலில் ஒவ்வொரு மண்ணுக்கும் உண்மையிலேயே செய்து பார்க்கும் சோதனை இது. ஏழாம் வகுப்பின் சதவீதக் கணக்கு இங்கே கைக்குள் இருக்கிறது.

காய்ந்த துண்டை வாளித் தண்ணீரில் போட்டால் குழைந்து மறுபடி மண்ணாகிவிடும். சுட்ட துண்டு கரையாது. மீள் மாற்றம், மீளா மாற்றம் என்று ஆறாம் வகுப்பில் படித்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா? ஐந்நூறு, அறுநூறு டிகிரி செல்சியஸில் களிமண் துகள்களுக்குள் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது பழைய மண் ஆகாது. பொம்மை எப்படி உள்ளே கூடாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூழாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது, ஓரத்தில் மண் தோலாகப் படிகிறது, மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

எச்சரிக்கை ஒன்று: உலர்ந்த மண்ணைப் பிள்ளைகள் இடித்துப் பொடிக்கக் கூடாது. அதிலுள்ள சிலிக்காத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஈரமாகவே கையாள வேண்டும். மெருகுக்கான ரசாயனக் கலவைகளையும் சூளை வேலையையும் பெரியவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

களிமண்ணோடு நிறுத்த வேண்டியதும் இல்லை. விருத்தாசலத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம், வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் நிலக்கடலை, முந்திரி ரகங்களை வெளியிட்ட இடம். வீட்டில் முந்திரி பொறுக்கும் பிள்ளைக்கு அங்கே கேட்க நூறு கேள்வி இருக்கும்.

ஏழாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்து, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாதவர்கள் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறன் பகுதியில் 90 கேள்விகளுக்கு 90 நிமிடம். எண் வரிசை, உருவப் பொருத்தம், திசை, சங்கேதம் என்று வரும் அந்தக் கேள்விகள் பலவற்றைப் பள்ளிப் பாடம் தொடுவதில்லை. புதிர் விளையாட்டாக தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும், மே மாதம் முடிவதற்குள் பயம் தெளிந்துவிடும்.

இதற்கெல்லாம் தேவை ஒரு பள்ளி வராண்டா, குடிநீர், இரண்டு தன்னார்வலர்கள். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய பெண்கள் பல கிராமங்களில் இருக்கிறார்கள். வளாகத்தைத் திறந்துவிடத் தலைமையாசிரியர் சம்மதம் வேண்டும். அதைக் கேட்கப் பொருத்தமான இடம், பெற்றோர் தலைமையில் இயங்கும் பள்ளி மேலாண்மைக் குழு. ஏப்ரல் கூட்டத்திலேயே பேச்சை எடுத்துவிடுவது நல்லது. தேர்வு முடிந்து கேட்டைப் பூட்டியபின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே மே பாதி போய்விடும்.