புறங்கைக்கு ஒரு வயசு, தோளுக்கு ஒரு வயசு

வீட்டில் காட்டு வேலைக்குப் போற பெரியவங்க இருந்தா, அவங்க புறங்கையையும் சட்டைக்குள் மறைஞ்சிருக்கிற தோள்பட்டையையும் ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க. ஆள் ஒண்ணுதான், பிறந்த தேதியும் ஒண்ணுதான். ஆனால் புறங்கை சுருங்கி, புள்ளி விழுந்து, பத்துப் பதினைந்து வயது கூடுதலாகத் தெரியும். "வெயில்ல காஞ்சு போச்சு" என்று சொல்லிட்டுப் போயிடுவோம். உண்மையில் செல்லுக்குள் இருக்கும் ஒரு குட்டி டி.என்.ஏ.வும் அங்கே அடி வாங்கியிருக்கு.

மைட்டோகாண்ட்ரியாதான் செல்லின் பவர் ஹவுஸ் என்று பள்ளியிலேயே படிச்சிருப்போம். அந்தப் பவர் ஹவுஸுக்குச் சொந்தமாகவே ஒரு டி.என்.ஏ. உண்டு. வட்ட வடிவம், 16,569 எழுத்துகள், 37 ஜீன்கள், அம்மா வழியாக மட்டும் வருவது. ஆற்றல் தயாரிக்கும்போது வெளிவரும் ஆக்சிஜன் 'தீப்பொறிகளுக்கு' ரொம்பப் பக்கத்தில் இது இருக்கு. புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நியூக்ளியஸ் அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சரிசெய்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ரிப்பேர் வசதி இல்லை.

இப்போ வெயிலுக்கு வருவோம். யூவி-பி கதிர் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். யூவி-ஏ உள்தோல் வரை இறங்கி, அந்தத் தீப்பொறிகளை இன்னும் அதிகமாக்கும். அந்தச் சேதத்தில் ஒன்று, வட்டத்திலிருந்து 4,977 எழுத்துகள் மொத்தமாகக் காணாமல் போவது. அதாவது கிட்டத்தட்ட 30 சதவீத ஃபைல் டெலீட்! வெயில் படாத தோலைவிட வெயில் பட்ட தோலில் இந்த இழப்பு அதிகமாகக் காணப்படுது.

ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் உடனே ஒண்ணும் தெரியாது. பேக்கப் இருக்கும்வரை சிஸ்டம் ஓடும். கெட்ட பிரதிகள் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் பவர் குறையும். இருபது வயதில் வாங்கிய வெயில் நாற்பதுக்கு மேல் முகத்தில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கத்துக்கும் இதுக்கும் நிஜமாவே தொடர்பு இருக்கா? 2018-ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில், பர்மிங்ஹாமில், கேசவ் சிங் குழு எலிகளில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் அளவை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தது. சில வாரங்களில் தோல் சுருங்கியது, முடி கொட்டியது. அந்தக் குறைபாட்டை நிறுத்தியதும் தோலும் முடியும் பழைய நிலைக்குத் திரும்பின. எலியில் நடந்தது மனிதனிலும் அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கே பார்க்கணும் என்பது தெளிவாகியிருக்கு.

"நம்ம கறுப்புத் தோல், ஒண்ணும் ஆகாது" என்பது பாதி உண்மை. மெலனின் நல்ல கவசம்தான். ஆனால் யூவி-பியைத் தடுக்கிற அளவுக்கு யூவி-ஏவைத் தடுக்காது. பசுவந்தனை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். கரிசல் காட்டில் ஒதுங்க மர நிழலும் குறைவு.

அதனால் என்ன செய்யலாம்? சன்ஸ்க்ரீன் வாங்கினால் எஸ்.பி.எஃப். எண்ணோடு நிற்காதீங்க, அது முக்கியமாக யூவி-பிக்கான கணக்கு. யூவி-ஏவுக்கு பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை ப்ளஸ் குறி இருக்குன்னு பாருங்க. கார், பஸ் பக்கக் கண்ணாடி யூவி-பியைத் தடுக்கும். யூவி-ஏவில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடும். ஜன்னலோர சீட்டில் இருந்தாலும் வெயில் வெயில்தான்.

எல்லாவற்றையும்விட மலிவான வழி நம்ம ஊரில் ஏற்கெனவே இருக்கு. களை எடுக்கும் அக்காக்கள் பலர் சேலைக்கு மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டியிருப்பாங்க. நெருக்கமான நெசவுள்ள துணி இரண்டு கதிர்களையும் நன்றாகத் தடுக்கும். அதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பைக்கை எடுக்கும் முன் நீங்களும் ஒண்ணு மாட்டிக்கோங்க.