விரால் பிடிக்க நம்பகமான பொய்யிரை

பண்ணைக் குட்டையில் கெண்டை மீன் வளர்க்கும் உழவர்களில் சிலர் அறுவடை நாளன்று ஒரு புதிரைச் சந்திக்கின்றனர். பத்து சென்ட் குட்டையில், எக்டருக்கு 5,000 என்ற கணக்கில், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் 200 விடப்பட்டிருக்கும். தவிடும் புண்ணாக்கும் தவறாமல் இடப்பட்டிருக்கும். ஆனால் வலையை இழுத்தால் பாதி மீன்கூடத் தேறாது. நோயில் இறந்திருந்தால் சில மீன்களாவது மிதந்திருக்க வேண்டும்; அப்படியும் எவரும் பார்த்ததில்லை. வலையின் கடைசி மடியில் முழங்கை நீளத்தில் இரண்டு விரால் புரளும்போதுதான் கணக்கு விளங்கும்.

விரால் குட்டைக்குள் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. வாய்க்கால் நீரோடு குஞ்சாக வரும். செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பினால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் ஆதலால், மழை பெய்த இரவில் ஈரமான வரப்பைத் தாண்டி நெளிந்தும் வந்துவிடும். கோடையில் நீர் வற்றினால் சேற்றில் புதைந்து காத்திருக்கும்.

குஞ்சு விடுமுன் குட்டையை வற்றவிட்டுக் காயவைப்பது முதல் வழி. வற்றவைக்க இயலாத குட்டைக்கு, ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம் வீதம் இலுப்பைப் புண்ணாக்கு இட்டுக் களைமீன்களை அழிக்கப் பரிந்துரை உண்டு. பத்து சென்ட் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குட்டைக்கு இது ஏறக்குறைய 150 கிலோ ஆகும். நஞ்சு தணிய மூன்று வாரம் விட்டு, அதன் பின்னரே குஞ்சுகளை விட வேண்டும். இவ்விரு வழிகளும் குஞ்சு விடுவதற்கு முன்புதான் பயன்படும். குஞ்சு விட்ட பிறகு விரால் தலைகாட்டினால் என்ன செய்வது? அப்போது கைகொடுப்பது தூண்டில். வலையில் விரால் எளிதில் வராது. அடிச்சேற்றில் படுத்து வலையை மேலே போகவிடும்.

எந்த இரையை நம்பித் தூண்டில் போடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தவளையைக் கோர்க்காதீர்

ஊர்ப்புறத்தில் விராலுக்கு உயிர்த்தவளையைக் கோர்ப்பதுதான் வழக்கம். அது நன்றாகப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் வேளாண்மை சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதற்கு உடன்பட முடியாது. நெல் வயலில் இரவெல்லாம் பூச்சியைத் தின்று திரியும் கூலியில்லாத ஆள் தவளை. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகத் தவளைகளைப் பிடித்துக் குவித்ததால் வயல்களில் அவை அருகின. 1987-ஆம் ஆண்டு தவளைக்கால் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. குட்டையில் ஒரு விராலுக்காக வயலில் பத்துத் தவளையை இழப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. தவளை செய்யும் வேலையை ரப்பர்த் துண்டு செய்யுமானால் தவளையை ஏன் கொல்ல வேண்டும்?

மண்புழுவைப் பொறுத்தவரை ஒரு சொல் போதும். அதைக் கெளுத்தியும் குறவையும் நாம் வளர்க்கும் கெண்டையும் வந்து கடிக்கும். நமக்கு வேண்டியது விரால் மட்டும்.

மீன் ஏன் பொய்யை நம்புகிறது?

விரால் துரத்திப் பிடிக்கும் மீன் அன்று. பதுங்கிப் பிடிக்கும் மீன். அல்லி இலைக்கு அடியிலோ, கோரையின் ஓரத்திலோ அசையாமல் நிற்கும். இரை அருகில் வந்ததும் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அது இரையை அறிவது இரண்டு வழியில். ஒன்று கண். மற்றது உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு. நீரில் ஏற்படும் சிறு அதிர்வையும் இவ்வுறுப்பு உணர்ந்துவிடும். ஆகவே கலங்கல் நீரிலும், விடிந்தும் விடியாத வேளையிலும் அதற்கு இரை தெரியும். பொய்யிரை மீனைப்போல் இருக்கிறதா என்பதைவிட, மீனைப்போல் அசைகிறதா என்பதே பெரிது.

இதைக் கண்ணால் பார்த்துக் கற்றவர் ஒருவர் உண்டு. பின்லாந்து நாட்டில் ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த லவுரி ராப்பாலா என்பவர், பெரிய மீன்கள் சிறுமீன் கூட்டத்தைத் தாக்கும்போது நேராக நீந்தும் மீனை விட்டு, தள்ளாடி நீந்தும் மீனையே குறிவைப்பதைக் கவனித்தார். 1936-ஆம் ஆண்டு தக்கையைச் சீவி ஒரு மீன் செய்து, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளைப் போர்த்தி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். அது நீரில் இழுக்கும்போது அடிபட்ட மீனைப்போல் தள்ளாடியது. அவர் பெயரில் பின்னர் வளர்ந்த தொழில் உலகெங்கும் பரவிற்று. அழகான மீன் வேண்டும் என்று அவர் செய்யவில்லை. நொண்டி மீன் வேண்டும் என்று செய்தார்.

கடையில் கிடைப்பவை

இப்போது நகரத்துக் கடைகளில் பல வகைப் பொய்யிரைகள் கிடைக்கின்றன. பளபளக்கும் தகட்டால் ஆன கரண்டி, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் தொங்கும் மரமீன் அல்லது பிளாஸ்டிக் மீன், ரப்பர்ப் புழு, உள்ளீடற்ற ரப்பர்த் தவளை ஆகியவை முக்கியமானவை.

திறந்த நீருக்குக் கரண்டியும் மரமீனும் நல்லவைதான். அணைக்கட்டின் கரையில் பாசியில்லாத இடத்தில் அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் குட்டையில் விரால் நிற்பது வேலம்பாசியிலும் ஆகாயத்தாமரையிலும். மும்முனை முள் அங்கே மூன்றடி இழுப்பதற்குள் பாசியை அள்ளிக்கொண்டு வரும். அதை எடுக்க நீரில் இறங்கினால் அன்றைக்கு மீன் கலைந்துபோகும்.

ரப்பர்த் தவளையின் அமைப்பு வேறு. அதன் இரட்டை முள் மேல்நோக்கி வளைந்து முதுகோடு ஒட்டிக் கிடக்கும். இலையின் மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வியவுடன் உள்ளீடற்ற உடல் அமுங்கிவிடும். முள்முனைகள் வெளிப்பட்டு மேல்தாடையில் ஏறும். இது அமெரிக்காவில் பாஸ் என்னும் மீனுக்காகப் புழக்கத்துக்கு வந்தது. அந்த மீனும் பாசியில் பதுங்கித் தவளைக்குப் பாயும் குணமுடையது. குணம் ஒன்றானால் இரையும் ஒன்று என்பதற்கு அங்கேயே சான்று கிடைத்தது. 2002-ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்துக் குளம் ஒன்றில் நம் விராலின் உறவான சீன நாட்டு விரால் தென்பட்டது. குளத்தில் மருந்திட்டு அதை அழித்தனர்; ஆனால் 2004-இல் பக்கத்திலுள்ள போட்டோமாக் ஆற்றில் அந்த இனம் மீண்டும் காணப்பட்டது. இன்று அங்குள்ள தூண்டில்காரர்கள் பாஸ் மீனுக்கு வைத்திருக்கும் அதே ரப்பர்த் தவளையால் அதையும் பிடிக்கின்றனர்.

நிறத்தைப்பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேற்பரப்பில் மிதக்கும் இரையை விரால் கீழிருந்து பார்க்கிறது. வானத்தின் வெளிச்சத்தில் அதற்குத் தெரிவது பெரும்பாலும் ஒரு கருநிழல்தான். கலங்கல் நீருக்கும் அந்தி வேளைக்கும் கறுப்பு, தெளிந்த நீருக்கு வெளிர் வயிறுள்ள பச்சை அல்லது பழுப்பு. இவ்விரண்டுக்கு மேல் வாங்குவது ஆசையினால் செய்யும் செலவு.

செருப்பில் ஒரு தவளை

தேய்ந்த ஹவாய்ச் செருப்பு வீட்டில் இருந்தால் கடைக்கே போக வேண்டாம். மெத்தென்ற அடிப்பகுதியிலிருந்து 5 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டை வெட்டி, முன்புறம் கூம்பியும் பின்புறம் பருத்தும் இருக்கும்படி சீவிக்கொள்ளுங்கள். நடுவில் நீளவாக்கில் கீறி, நீண்ட காம்புள்ள பெரிய தூண்டில் முள்ளொன்றைச் செருகுங்கள். நரம்பு கட்டும் வளையம் மூக்குப்பக்கம் வெளியே நிற்க வேண்டும். முள்முனை முதுகுப்பக்கம் வந்து, அங்கே வெட்டிய சிறு பள்ளத்தில் ஒளிந்திருக்க வேண்டும். விரலால் முதுகைத் தடவினால் முனை தட்டுப்படக்கூடாது. அழுத்தினால் குத்த வேண்டும். இதுவே சரியான அளவுக்கு அடையாளம்.

சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு மெல்லிய பட்டைகளை நறுக்கிப் பின்புறம் கால்களாகக் கட்டுங்கள். பின்வயிற்றில் ஒரு சிறிய ஆணியைச் செருகிவிட்டால் எப்படி எறிந்தாலும் முதுகு மேலாகவே விழும். வாளி நீரில் போட்டுப் பாருங்கள். கவிழ்ந்தால் ஆணி போதவில்லை. மூழ்கினால் ஆணி பெரிது.

நரம்பு 0.5 மி.மீ. கனத்துக்குக் குறையக்கூடாது. விராலின் பல் சிறியதாயினும் கூரியது. மாட்டியதும் பாசிக்குள் முறுக்கிக்கொண்டு ஓடும்.

போடும் முறை

காலை வெயில் ஏறுமுன்பும் மாலை வெயில் தாழ்ந்த பின்பும் ஏற்ற வேளை. கரையில் நிழல் விழாமல் நின்று சற்று நேரம் நீரைப் பாருங்கள். விரால் காற்று வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். வந்து போன இடத்தில் ஒரு சுழிப்பும் குமிழியும் தெரியும். அந்த இடத்தின்மேல் எறியாதீர். ஒரு மீட்டர் அப்பால் எறிந்து, அலை அடங்கும்வரை விட்டு, தத்தித் தத்தி வரும்படி இழுங்கள். இலைகளுக்கிடையே நீர் தெரியும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும்.

அடித்த சத்தம் கேட்டவுடன் வெட்டி இழுப்பதால் நழுவும் மீன்களே மிகுதி. மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு, நரம்பில் கனம் தெரிந்த பின் ஓங்கி இழுங்கள். விராலின் வாய் எலும்புக்கட்டு மிக்கது. ஆகவே முள்ளை அவ்வப்போது அரத்தில் தீட்டிக்கொள்வது நல்லது.

இரையையும் இரகம்போல் சோதியுங்கள்

ஒரு நாள் ஒரு மீன் கிடைத்துவிட்டால் அந்த இரையே இராசியானது என்று முடிவு கட்டுவது மனித இயல்பு. பிறகு அதையே பத்து நாள் போடுகிறோம், பத்து நாளில் மூன்று மீன் கிடைக்கிறது, "பார்த்தீர்களா!" என்கிறோம். பெட்டியில் கிடந்த மற்ற இரைக்கு அந்தப் பத்து நாளை நாம் கொடுக்கவேயில்லை. புதிய நெல் இரகத்தை நல்ல வயலிலும் பழைய இரகத்தைக் களர் வயலிலும் நட்டு விளைச்சலை ஒப்பிடுவதைப் போன்றது இது.

வயலில் செய்வதையே குட்டையிலும் செய்யுங்கள். இரண்டு இரைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கரை, அதே வேளை, மாற்றி மாற்றிப் பத்துப் பத்து எறிதல். முதல் நாள் செருப்புத் தவளை முந்தினால் மறுநாள் மற்றது முந்தட்டும். ஏனெனில் முதலில் விழும் இரைக்குக் கலையாத மீன் கிடைக்கிறது. அடித்தது எத்தனை, மாட்டியது எத்தனை, பாசியில் சிக்கியது எத்தனை என்று மூன்று கட்டம் போட்டுக் குறியுங்கள். பிடித்த மீனை மட்டும் எண்ணினால் போதாது. அடி மிகுதியாகவும் மாட்டுவது குறைவாகவும் இருந்தால் இரையில் குறையில்லை; முள் மழுங்கியிருக்கும் அல்லது உங்கள் கை அவசரப்பட்டிருக்கும். அடியே இல்லையெனில்தான் இரையை மாற்ற வேண்டும். ஐந்தாறு காலைகளாவது பாருங்கள். ஒரு காலையில் மூன்றுக்கு ஒன்று என்று வருவதை வைத்து எதையும் சொல்ல இயலாது. மழைமேகமே அந்த வேறுபாட்டைச் செய்திருக்கக்கூடும்.

பாசி நிறைந்த குட்டையில் தவளையே முந்தும் என்பது என் கருத்து. உங்கள் குட்டை திறந்த நீராக இருந்து கரண்டி முந்தினால், கரண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். எது முந்தினாலும் அதன் பின் அந்த ஒன்றைப் பழகுங்கள். பத்து இரையை வைத்துக்கொண்டு தடுமாறுபவரைவிட, ஒன்றை எங்கே நிறுத்துவது, எப்போது தத்தவிடுவது என்று கை பழகியவருக்கே மீன் கிடைக்கிறது.

கவனிக்க வேண்டியவை

பம்புசெட்டுக்கு வரும் மின்கம்பிக்குக் கீழே நின்று தூண்டிலை வீசாதீர். கார்பன் இழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறிந்தால் கொக்கின் காலிலும் ஆட்டின் வாயிலும் போய்ச் சேரும். சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏரி, கண்மாய்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். கேட்டுக்கொண்டு போடுவதே முறை.

மழைக்காலத்தில் நீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகச் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள். அதன் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அருகில் எது விழுந்தாலும் பசிக்காக அன்றிக் கோபத்தினால் பாய்ந்து கடிக்கும். அப்போது பிடிப்பது மிக எளிது. கெண்டை விட்ட குட்டையாக இருந்தால் தாய் தந்தையைத் தூண்டிலிலும், குஞ்சுகளைக் கொசுவலையிலும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தூண்டிலில் குஞ்சு வராது. ஊர்ப் பொதுக்குளமாக இருந்தால் அந்தக் கூட்டத்தின்மேல் இரையை எறியாமல் விட்டுவிடுங்கள். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது 10 செ.மீ. வளர்ந்தவையாகக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும். ஆனால் தூண்டிலுக்குத் தப்பிய சிறு விரால் ஒன்றிரண்டு குட்டையில் இருந்தாலும் அவற்றின் வாய்க்கு அக்குஞ்சுகள் அடங்கா.