கையும் கலைஞனும்: யிரி திரின்காவின் கலைப்பயணம்

கலைஞனுக்கும் அரசுக்குமிடையிலான முரண்பாட்டை முதலாளித்துவ நாடுகளில் மாத்திரமே தேடும் வழக்கம் எம்மிடையே உண்டு. செக் பொம்மைப்பட நெறியாளர் யிரி திரின்காவின் (1912–1969) வாழ்வு அவ்வாய்ப்பாட்டினுள் அடங்குவதன்று.

பில்சன் நகரிற் பிறந்த திரின்கா, யோசெப் ஸ்குபாவிடம் பொம்மலாட்டம் பயின்றவர். 1945 இல் செக்கோசிலோவாக்கியத் திரைப்படத்துறை தேசியமயமாக்கப்பட்டது. சந்தையின் நெருக்குதலற்ற அச்சூழலிலேயே 'சக்கரவர்த்தியின் இராப்பாடி' (1949), 'நடுவேனிற் கனவு' (1959) முதலிய முழுநீளப் படங்கள் தோன்றின. அவரது பொம்மைகளின் முகங்கள் மாறுவதில்லை. ஒளியும் கமராக் கோணமுமே அவற்றுக்கு உணர்வூட்டுகின்றன.

அவரது இறுதிப் படமாகிய 'கை' (1965) சுமார் 18 நிமிடங்களே கொண்டது. தன் பூச்செடிக்குச் சட்டி வனையும் எளிய குயவனொருவனிடம், தன்னுருவைச் செய்யுமாறு பெருங்கையொன்று பணிக்கிறது. பணம் காட்டி மயக்க முயன்று, பின் கூண்டிலடைக்கிறது. தப்பியோடி இறந்தவனுக்கு அதே கை விமரிசையாக இறுதி மரியாதையும் செய்கிறது. திரின்காவின் மறைவின் பின் அப்படம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது.

இதனைச் சோஷலிச விரோதமெனத் தள்ளுவதும், பொதுவுடைமையே கலையைக் கொன்றதெனக் கொள்வதும் அரைப் பார்வைகளேயாம். அக்கலைக்கூடத்தைத் தந்ததும் தேசியமயமாக்கமே. அப்படத்தைப் பூட்டிவைத்தது பணித்துறை அதிகாரம். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணத் தவறின், நாமும் அக்கைக்கே சிலை செய்பவர்களாவோம்.