வாடிக்கை அட்டை

காய்கறி வாங்கச் சென்றவர்க்குக் கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை விலையின்றி எடுத்து வைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனைக் கொசுறு என்கிறோம். கொசுறு பெற்றவர் மறுநாளும் தம் கடையையே நாடுவர் என்பது கடைக்காரரின் எண்ணம். கறிவேப்பிலையின் மதிப்பு யாவர் கண்ணுக்கும் தெரியும். ஆதலின் அங்கே மயக்கத்திற்கு இடமில்லை. இன்று பெரிய அங்காடிகள் தம் வாடிக்கையாளர்க்கு வழங்கும் அட்டையும் ஒருவகைக் கொசுறே. ஆனால், அதன் மதிப்பு கண்ணுக்குத் தெரிவதன்று. கணக்கிட்டே அறிதல் வேண்டும். இவ்வழக்கம் வேரூன்றி வளர்ந்த நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. அந்நாட்டை எடுத்துக்கொண்டு அக்கணக்கினைக் காண்போம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ராச்டேல் என்பது நெசவுத் தொழில் மிக்க ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கு வாழ்ந்த தொழிலாளர் மிக்க வறுமையில் உழன்றனர். அக்காலத்தில் ஏழைகள் வாங்கும் உணவுப் பொருள்களில் கலப்படம் மலிந்திருந்தது. இந்நிலையைப் பொறாத சிலர், ஆளுக்கு ஒரு பவுன் என்னும் கணக்கில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தனர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் தோட் லேன் என்னும் தெருவில் தமக்கென ஒரு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே அங்கு இருந்தன. ஆயினும், அக்கடையில் ஒரு புதுமை இருந்தது. கணக்கு முடிக்குந்தோறும், கிடைத்த இலாபத்தை அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கு ஏற்ப உறுப்பினர்க்குத் திருப்பித் தந்தனர். மிகுதியாக வாங்கியவர்க்கு மிகுதியான பங்கு கிடைத்தது. இங்கிலாந்தில் கூட்டுறவு இயக்கம் ஓங்கி வளர்வதற்கு இம்முறை பெருந்துணையாயிற்று. சென்னையில் 1904ஆம் ஆண்டு தோன்றிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கமும் இவ்வழியில் வந்ததே.

ராச்டேல் மக்கள் பெற்றது அவர்களுடைய பணமே என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். கடை அவர்களுடையது, இலாபமும் அவர்களுடையது. பின்னர் வந்த வணிகர் இவ்வழக்கத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

1896ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அஞ்சல் தலை போன்ற சிறு வில்லைகளை அது கடைக்காரர்க்கு விற்றது. கடைக்காரர் அவற்றை வாடிக்கையாளர்க்குக் கொடுத்தனர். வாடிக்கையாளர் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, புத்தகம் நிறைந்ததும் விளக்கு, போர்வை, சமையற் கலம் எனப் பரிசுப் பொருள்களைப் பெற்றனர். 1958ஆம் ஆண்டில் ரிச்சர்டு டாம்ப்கின்ஸ் என்பவர் இம்முறையை இங்கிலாந்தில் தொடங்கினார். டெஸ்கோ என்னும் பேரங்காடி 1963ஆம் ஆண்டில் இவ்வில்லைகளை வழங்கத் தலைப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் சென்றபின், 1977ஆம் ஆண்டில், அவற்றைக் கைவிட்டு, பொருள்களின் விலையைக் குறைத்தது. வில்லைக்காகக் கடைக்காரர் செலவிட்ட தொகை இத்தனை நாளும் எங்கிருந்து வந்தது என்பதை இந்நிகழ்ச்சியிலிருந்தே நீங்கள் உய்த்துணரலாம்.

அதே டெஸ்கோ 1995ஆம் ஆண்டில் நாடெங்கும் அட்டை ஒன்றை வழங்கியது. இப்போது வில்லையும் இல்லை, பசையும் இல்லை. விலை கொடுக்குமிடத்தில் அட்டையைக் காட்டினால், வாங்குபவர் பெயரில் புள்ளிகள் ஏறுகின்றன. ஒரு பவுனுக்குப் பொருள் வாங்கினால் ஒரு புள்ளி. 150 புள்ளிகள் சேர்ந்தால் ஒன்றரைப் பவுன் மதிப்புள்ள சீட்டு. ஒரு பவுன் என்பது நூறு பென்னி. எனவே, ஒரு புள்ளியின் மதிப்பு ஒரு பென்னியே; அதாவது, செலவில் நூற்றில் ஒரு பங்கு.

இதனைக் கொண்டு ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். அக்குடும்பம் வாரந்தோறும் 80 பவுனுக்கு மளிகை வாங்குவதாகக் கொள்வோம். 52 வாரங்களில் 4,160 புள்ளிகள் சேரும். அவற்றின் மதிப்பு 41 பவுன் 60 பென்னி. இது வேண்டாமென்று தள்ளத்தக்க தொகையன்று. ஆனால், புள்ளி சேர்கிறதே என்னும் உவகையால் அக்குடும்பத்தினர் வாரம் ஒரு முறை இரண்டு பவுன் விலையுள்ள தேவையற்ற பொருள் ஒன்றையும் வாங்குகின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுதும் 104 பவுன் போகும். அதற்கெனக் கிடைக்கும் புள்ளிகளின் மதிப்போ ஒரு பவுனைச் சற்றே தாண்டும். வரவு கண்ணுக்குத் தெரிகிறது. செலவு மறைந்து நிற்கிறது. 'இப்பொருளை வாங்கினால் நூறு புள்ளிகள் மிகை' என்னும் விளம்பரத்தைக் காணும்போதெல்லாம், நூறு புள்ளிகள் ஒரு பவுன் என்று மனத்துள் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அப்பொருள் முன்னரே வாங்க நினைத்ததாயின் அந்த ஒரு பவுன் இலாபம், அன்றாயின் நட்டமே.

மனிதர் இதில் எளிதாக மயங்குவதை ஆராய்ச்சியாளரும் கண்டறிந்துள்ளனர். அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளைக் கழுவித் தரும் நிலையம் ஒன்றில் 300 அட்டைகள் வழங்கப்பட்டன. பாதிப்பேர்க்குக் கொடுத்த அட்டையில் எட்டு முத்திரைகள் பெற்றால் ஒரு முறை இலவசமாகக் கழுவித் தரப்படும். மற்றப் பாதிப்பேர்க்குப் பத்து முத்திரைகள் வேண்டும். ஆனால், இரண்டு முத்திரைகள் முன்னரே இடப்பட்டிருந்தன. இருவகையாரும் இன்னும் பெற வேண்டியவை எட்டே. எனினும், முதல் வகையாருள் நூற்றுக்கு 19 பேரே அட்டையை நிறைவு செய்தனர். இரண்டாம் வகையாருள் 34 பேர் நிறைவு செய்தனர்! முன்னரே சிறிது வழி வந்துவிட்டோம் என்னும் எண்ணமே அவர்களை இழுத்துச் சென்றது போலும். நூனெஸ், ட்ரேஸ் என்னும் இருவர் இதனை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அண்மைக் காலத்தில் புள்ளியினும் பெரிய கவர்ச்சி ஒன்று தோன்றியுள்ளது. ஒரே பொருளின்மீது இரு விலைகள் எழுதி வைக்கின்றனர்: அட்டையுடையார்க்கு ஒன்று, அட்டையில்லார்க்கு மற்றொன்று. டெஸ்கோ இதனை 2019ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பிற அங்காடிகளும் பின்பற்றின. விலையை முதலில் உயர்த்திப் பின்னர்க் குறைத்துக் காட்டுகின்றனரோ என்னும் ஐயம் மக்களிடையே எழுந்தது. பிரிட்டிஷ் அரசின் போட்டி, சந்தைகள் ஆணையம் ஏறத்தாழ 50,000 பொருள்களின் விலைகளை ஆராய்ந்து, 2024ஆம் ஆண்டு நவம்பரில் முடிவை வெளியிட்டது. நூற்றுக்கு 92 பொருள்களில் விலைக்குறைப்பு உண்மையானதே என்பது அம்முடிவு. அதே ஆணையம் மற்றொன்றும் கூறியது: அட்டை விலை எப்போதும் எல்லாக் கடைகளினும் குறைந்த விலை ஆகிவிடாது. ஆகவே, அட்டை வைத்திருப்பவரும் அடுத்த கடை விலையை விசாரித்தே வாங்க வேண்டியுள்ளது. ஒரு கடையின் அட்டையே போதும் என்று இருப்பதினும், தாம் செல்லும் கடைகள் சிலவற்றின் அட்டைகளையும் பெற்றுக்கொண்டு, குறைந்த விலை உள்ள இடத்தில் வாங்குதல் நன்று. அட்டைக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் இல்லை என்றேன்; முற்றும் அவ்வாறு கூறிவிட இயலாது. ஒருவர் என்ன வாங்கினார், எந்நாளில், எத்துணை முறை வாங்கினார் என்பன எல்லாம் அவர் பெயரோடு பதிவாகின்றன. குழந்தை பிறந்த வீடு எது, உடல்நலங்குன்றியவர் உள்ள வீடு எது என்பதைக் கடைச் சாமான் பட்டியலே ஓரளவு உணர்த்திவிடும். டெஸ்கோ அட்டையை நாடெங்கும் வழங்குமுன் சில கடைகளில் சோதனை நடத்தினர். அதன் முடிவுகளைக் கேட்ட அந்நாளைய தலைவர் மக்லாரின், தாம் முப்பது ஆண்டுகளில் அறிந்ததினும் மிகுதியாக ஆய்வாளர் மூன்றே திங்களில் தம் வாடிக்கையாளரைப் பற்றி அறிந்துவிட்டனரே என அஞ்சினார் என்பர். கடைத் தலைவரே அஞ்சிய செய்தி இது! கேட்கும் விவரங்களுள் கட்டாயமானவற்றை மட்டும் எழுதிக் கொடுத்து, ஏனையவற்றை வெறுமையாக விடுவதே அறிவுடைமை.

சேர்த்த புள்ளிகளைச் செலவிடும் வகையும் ஒன்று உண்டு. டெஸ்கோ சீட்டை மளிகைக்குக் கொடுத்தால் ஒரு பவுன் ஒரு பவுனாகவே கழியும். சில உணவு விடுதிகளுக்கும் உல்லாச இடங்களுக்கும் உரிய சீட்டாக மாற்றிக்கொண்டால் இரு மடங்கு மதிப்புப் பெறும். முன்னர் மும்மடங்காக இருந்ததை 2023ஆம் ஆண்டில் இரு மடங்காகக் குறைத்துவிட்டனர். கொடுப்பவர் விருப்பம் போலக் குறைக்கத்தக்கதே இப்பரிசு. அன்றியும், சீட்டுக்கு இரண்டாண்டுக் கெடு உண்டு. கெடு கடந்தால் அது வெறுந்தாள். எப்போதேனும் உதவும் என்று பெட்டியுள் பூட்டி வைப்பவரினும், கைக்கு வந்த மாதத்திலேயே அரிசிக்கும் பாலுக்கும் கொடுத்துக் கழிப்பவரே அதன் முழுப்பயனைப் பெறுகின்றனர்.