10 − 4 + 3 எவ்வளவு? பசங்களைக் குழப்பும் ‘போட்மாஸ்’... எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

2019 ஜூலை கடைசியில் ஒரு கணக்குக்காக ட்விட்டரே இரண்டுபட்டது. 8 ÷ 2(2+2) எவ்வளவு? ஒரு கூட்டம் 16 என்றது. இன்னொரு கூட்டம் 1 என்றது. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் நியூயார்க் டைம்ஸில் இதற்காகக் கட்டுரையே எழுதினார். வழக்கமான விதிப்படி 16. ஆனால், அடைப்புக்குறியை ஒட்டி நிற்கும் எண்ணை முதலில் பெருக்கிவிடும் பழக்கமும் அல்ஜீப்ராவில் உண்டு. உண்மையில், கேள்வியை எழுதிய விதமே சரியில்லை.

நமக்கு அது டைம்பாஸ். 8-ம் வகுப்புப் பிள்ளைக்கு மார்க் போகும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற நினைப்பும் இந்த வயதில்தான் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்து வரிசை செய்யும் வேலை

போட்மாஸ் என்றால் அடைப்புக்குறி, ‘இல்’ (6-இல் பாதி என்பதுபோல), வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். இதை ரேங்க் லிஸ்ட் மாதிரி மனப்பாடம் பண்ணும் பிள்ளை, கூட்டல்தானே முன்னாடி என்று 4 + 3 = 7 போட்டு, 10-இல் கழித்து 3 என்று எழுதிவிடும். சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே ரேங்க். இடமிருந்து வலமாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ‘பெம்டாஸ்’. அதில் பெருக்கல் முன்னால் வரும். அங்குள்ள பிள்ளைகள் 12 ÷ 2 × 3-க்கு 2 என்று எழுதி மாட்டிக்கொள்வார்கள். விடை 18. இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊர் வரிசை தேவலாம்.

இடமிருந்து வலம் என்று சொன்னால் போதுமா? ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளைக்குப் போதாது. அங்கேதான் விகிதமுறு எண்கள் கைகொடுக்கும். கழித்தல் என்பது எதிர் எண்ணைக் கூட்டுவது: 10 + (−4) + 3. இப்போது எந்த வரிசையில் கூட்டினாலும் 9தான். வகுத்தல் என்பது தலைகீழியால் பெருக்குவது: 12 × 1/2 × 3. எப்படிப் பெருக்கினாலும் 18. ஆறு எழுத்தை உருப்போட வைக்கும் முன் இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிக் குழப்பம் வராது என்பது என் கருத்து.

பின்னத்திலும் இதே கதைதான். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் உடனே ‘பொதுப் பகுதி எடு’ என்று சொல்லாதீர்கள். ‘அரை தோசை சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால், மொத்தம் அரை தோசையைவிடக் குறையுமா?’ என்று கேளுங்கள். 2/5 பாதியைவிடச் சின்னது என்பது அதற்கே தட்டுப்படும். 3/4 ÷ 1/2 வந்தால், முக்கால் லிட்டர் பாலில் எத்தனை அரை லிட்டர் பாக்கெட் என்று கேளுங்கள். ஒன்றரை. தலைகீழாக்கிப் பெருக்குவது அப்புறம்.

கால்குலேட்டரை நம்பலாமா?

கொஞ்சம் ஜாக்கிரதை. 2 + 3 × 4 என்று போனில் தட்டினால் 14. மளிகைக் கடையில் இருக்கும் சாதா கால்குலேட்டரில் 20 வரும். தட்டத் தட்டக் கணக்குப் போடும் ரகம் அது. ஆபீஸில் எக்செல் திறந்து −3-இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் கொடுத்துப் பாருங்கள், 9 என்று காட்டும். பள்ளிக் கணக்கில் −3² என்றால் −9.

வீட்டில் டீனேஜ் தம்பி, தங்கை இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கள்: −1/2 − (−3/4) × 2 ÷ 3. விடை 0. 1/6 என்று சொன்னால், பெருக்கலை விட்டுவிட்டு முதலில் கழித்திருக்கிறார்கள்.