கரிக்கு அங்கே என்ன வேலை?

டார்ச் விளக்கில் போடும் சாதாரண மின்கலத்தின் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். வெளியே துத்தநாகக் குவளை, நடுவில் கரிக்கோல், கோலைச் சுற்றிலும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு என்னும் கறுப்புத் தூள். ஆனால் அந்தத் தூளில் கரித்தூளும் கலந்திருக்கிறது. அது வேதிவினையில் பங்கு கொள்வதில்லை. பிறகு எதற்காக அதை அடைக்கிறார்கள்?

கலம் வேலை செய்யும்போது ஆக்ஸைடுத் துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொருள்கள் வந்து சேர வேண்டும். ஒன்று, கரிக்கோல் வழியே வரும் எலெக்ட்ரான். மற்றொன்று, மின்பகுளியிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி. மாங்கனீஸ் டை ஆக்ஸைடோ மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கோலுக்குத் தொலைவில் உள்ள துகள்கள், சாலை இல்லாத ஊரின் நெற்களஞ்சியம் போல, நிறைந்திருந்தும் பயன்படாமல் கிடக்கும். கரித்தூள்தான் சாலை. 1866-இல் பிரான்சு நாட்டு லெக்லாஞ்சே தம் மின்கலத்தில் ஆக்ஸைடுடன் கரியைக் கலந்ததன் பயன் இதுவே.

அப்படியானால் கரியை நிறையச் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். ஊர் முழுவதும் சாலை போட்டால் நெல் விளைவது எங்கே? கரி கூடினால் ஆக்ஸைடு குறையும். கலத்தின் ஆற்றலும் குறையும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதுதான் பொறியாளரின் திறமை.

மோட்டார் வண்டியின் ஈய மின்கல அடுக்கில் நிலைமை வேறு. ஈய டை ஆக்ஸைடு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் மின்னேற்றமும் மின்னிறக்கமும் மாறி மாறி நடக்கையில் அது பருத்தும் சுருங்கியும் உதிரத் தொடங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க ஈயச் சட்டம் வேண்டும். தூய ஈயம் மென்மையானது. ஆகவே ஆண்டிமனியோ கால்சியமோ சிறிது சேர்த்து உறுதியாக்குகிறார்கள்.

இன்றைய கைப்பேசியின் லித்தியம் மின்கலத்திலும் இதே கதைதான். ஆக்ஸைடுத் தூளைக் கரித்தூளோடும் பசையோடும் குழைத்து அலுமினியத் தகட்டில் பூசுகிறார்கள். ஆய்வுக்கூடங்களில் கரி நுண்குழாய்களின் மேல் ஆக்ஸைடை மெல்லிய படலமாகப் படிய வைத்தும் பார்க்கிறார்கள். படலம் மெல்லியதானால் எலெக்ட்ரானும் அயனியும் செல்ல வேண்டிய தொலைவு குறைகிறது அல்லவா?

மின்கலத்தை உடைத்துப் பார்க்க வேண்டாம். லித்தியம் கலம் தீப்பற்றும். அதற்குப் பதிலாக, தாளில் பென்சிலால் 2 செ.மீ. நீளத்துக்குத் தடித்த பட்டை தீட்டுங்கள். 9 வோல்ட் மின்கலத்தையும் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கையும் அந்தப் பட்டை வழியாக இணையுங்கள். விளக்கு எரியாவிட்டால் அதன் கால்களை மாற்றி இணையுங்கள். மங்கலாக ஒளிரும் அந்த விளக்கு, கரி போட்டுத் தரும் சாலைக்குச் சாட்சி!