காய்ச்சலா? 'ரெண்டு நாள் பார்க்கலாம்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டு இருப்பார். "மழையில நனைஞ்சேன், அதான்" என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது தானாகச் சரியாகியும் விடும். ஆனால் காய்ச்சலைத் தருவது மழை இல்லை, வைரஸ். மழைக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேருந்திலும் வகுப்பறையிலும் நெருக்கி உட்காரும்போது அதற்கு வேலை சுலபமாகிவிடுகிறது.

இப்படிப் பரவுவதில் முக்கியமானது இன்ஃப்ளுயன்சா. அதில் ஒரு வகைதான் எச்1என்1. 2009-ல் உலகம் முழுக்கப் பரவியபோது 'பன்றிக் காய்ச்சல்' என்று பெயர் வந்தது. இன்று அது ஆண்டுதோறும் வந்துபோகும் பருவகாலக் காய்ச்சல்களில் ஒன்று. நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சியைச் சாப்பிடுவதால் இது வராது. மனிதரிடமிருந்து மனிதருக்கு, இருமல், தும்மல் துளிகள் வழியாகத்தான் வருகிறது. துளி பட்ட கைப்பிடியைத் தொட்டு, அதே கையால் மூக்கையோ கண்ணையோ தேய்த்தாலும் தொற்றும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர் பரப்பத் தொடங்கிவிடுவார் என்பதுதான் இதில் சிக்கல்.

சாதாரண சளி மெல்ல மெல்ல வரும். இது அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி, வறட்டு இருமல் என்று படுத்துவிடுவார்.

எல்லோரும் பதறிப்போய் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, லேசான காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள். இவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வேண்டாம். வீட்டில் ஓய்வு, கஞ்சி, நிறைய நீர், மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும்.

இரண்டாம் வகையில்தான் நாம் தவறு செய்கிறோம். கடும் காய்ச்சலோடு தொண்டை வலியும் அதிகமாக உள்ளவர்கள் இதில் வருவார்கள். காய்ச்சல் லேசாக இருந்தாலும் கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோரும் இதே வகைதான். இவர்களுக்கு மருத்துவர் ஓசல்டாமிவிர் மருந்து தருவார். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். 'ரெண்டு நாள் பார்க்கலாம்' என்று நாம் காத்திருப்பதும் சரியாக அதே 48 மணி நேரம்தான்!

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. ஆச்சிக்குச் சர்க்கரை உண்டு. காய்ச்சல் வந்ததும் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நான்காம் நாள் விடியற்காலையில் மூச்சு வாங்கியது, 108-ஐ அழைத்தோம். எட்டு நாள் கழித்து நல்லபடியாக வீடு திரும்பினார். இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். மெடிக்கலில் கொடுத்ததில் ஒன்று ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

மூன்றாம் வகை அவசரம். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலமாவது, அதிக மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும் அப்படியே.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவரைக் காற்றோட்டமான அறையில் படுக்க வையுங்கள். அவரும் பார்த்துக்கொள்பவரும் மாஸ்க் போடட்டும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். அதனால் 20 விநாடி தேய்த்துக் கழுவினால் போதும், விலை உயர்ந்த திரவம் தேடி அலைய வேண்டாம். பரீட்சை இருந்தாலும் காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஒரு பெஞ்சில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தடுப்பூசியும் உண்டு. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாருக்குத் தேவை, காய்ச்சல் எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும், கட்டணம் இல்லை.